'ப்ரீ' எனும் முன்னொட்டு

செம்பூரில் எழும் அடுக்ககங்களுக்குக் கடன் பெற்ற நம்மவர் நாவில் புழங்கும் சொல் 'ப்ரீ-இஎம்ஐ'. ஆய்தத்தை விட்டெழுதினால் இலவசமும் அதே 'ப்ரீ'தான், பொருளோ நேரெதிர். வங்கி அதுவரை விடுவித்த தொகைக்கு வட்டி மட்டுமே கட்டுகிறோம். அசலில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. வாடகை வேறு.

அவ்வட்டிக்கான வரிக்கழிவை வீடு முடிந்த ஆண்டு முதல், ஐந்து சம பங்குகளாகவே 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அளித்தது. கடன் பெற்ற நிதியாண்டு முடிந்து ஐந்தாண்டுகளுக்குள் கட்டுமானம் நிறைவுறாவிடில், சொந்தக் குடியிருப்புக்கான உச்சவரம்பு 2,00,000 ரூபாயிலிருந்து 30,000 ஆகச் சுருங்கும். தாமதித்தவர் கட்டுநர், தண்டம் வாங்கியவருக்கு! 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், 18ஆம் பிரிவில், தாமதத்துக்கான வட்டியைக் கட்டுநர் தலையில்தானே வைக்கிறது? ஒரே அரசின் இரு சட்டங்கள் குற்றவாளி யாரென்பதில் முரண்படலாமா? கட்டுநரால் நேர்ந்த தாமதத்துக்கு அந்த ஐந்தாண்டுக் கெடுவிலிருந்து விலக்களியுங்கள்.