வீட்டுப் பேச்சும் ஏட்டு ஆங்கிலமும்

ஆங்கில வகுப்பில் தமிழ்மாணவன் வாய்திறந்தவுடன் எழும் சிரிப்பை நாம் அறிவோம். 'இசுகூல்' என்றான், உடன்பயில்வோர் சிரித்தனர். 'நேற்றே வந்தேன்' என்பதற்கு 'யெசுட்டர்டே இட்செல்பு' என்றான், ஆசிரியரே சிரித்தார். அன்றுமுதல் அவன் வெறுக்கத் தொடங்குவது ஆங்கிலத்தையன்று. தன் தாய் பேசும் பேச்சை.

ஆங்கிலேயர் நாட்டிலேயே இந்நிலை உண்டு. ஏட்டு ஆங்கிலம் வானினின்று வீழ்ந்ததா? இலண்டனை ஒட்டிய வழக்கினை அரசு எழுத்தர் ஆண்டனர். 1476-இல் வெசுட்டுமினிசுட்டரில் காக்சுடன் நிறுவிய அச்சகம் அதனைப் பரப்பிற்று. எஞ்சிய வட்டாரப் பேச்செல்லாம் கொச்சையெனப்பட்டது. யார்க்குசயரான் 'ஒயில்' என்னும் சொல்லை 'வரை' என்னும் பொருளில் ஆள்வான். 'ஐந்து மணி ஒயில் இருந்தேன்' என்பான். ஏட்டு ஆங்கிலத்தில் அதற்குப் 'பொழுது' என்பதே பொருள். பலுக்கல் வேறுபாடு காதிற்படும், திருத்திக்கொள்ளலாம். சொல் ஒன்றாயிருந்து பொருள் மட்டும் வேறுபடுமிடத்தில், தான் எழுதியது வட்டார வழக்கென்பதே எழுதியவனுக்குத் தெரியாது. பேச்சு எழுத்தினுள் ஓசையின்றி நுழையும் வாயில் இதுவே.

அவ்வழக்குகள் இலக்கணமற்றவையும் அல்ல. பழைய தார்செட்டுப் பேச்சில் மரத்தைச் சுட்டும் சொல் வேறு. நீரைச் சுட்டும் சொல் வேறு. வடிவுடையதையும் வடிவற்றதையும் பிரித்துரைக்கும் அந்நுட்பம் ஏட்டு ஆங்கிலச் சுட்டில் இல்லை. பள்ளியாசிரியராயிருந்த வில்லியம் பார்ன்சு (1801-1886) இதனை எடுத்துக்காட்டினார். யார்க்குசயரில் 1855-இல் பிறந்த சோசப்பு இரைட்டோ ஆலையில் உழைத்த சிறுவர். பதினைந்து அகவை வரை எழுத்தறியாதவர். அவரே பின்னர் ஆக்சுபோர்டில் ஒப்பியன் மொழிநூற் பேராசிரியரானார். தம் ஊர்ப் பேச்சுக்கு 1892-இல் இலக்கணம் வெளியிட்டார். ஆங்கில வட்டார வழக்கு அகரமுதலியை 1898 முதல் 1905 வரை ஆறு மடலங்களாகக் கொணர்ந்தார். ஊர்ப் பேச்சை இகழாமலே ஏட்டு மொழியில் வல்லவரானார் அவர். (நம் சிற்றூர்ப் பேச்சைக் கேட்டு முகஞ்சுளிக்கும் தூயதமிழன்பர் சிலரும் இதனை எண்ணுக.)

இனி நம் மாணவனுக்கு வருவோம். மெய்யெழுத்து மொழிமுதலாகாதென்பது தொல்காப்பிய நெறி. அந்நெறியிற் பழகிய நா, ஆங்கிலச் சொல்லின் முன் இகரம் சேர்ப்பது மடமையாகுமா? 'நேற்றே' என்பதன் ஏகாரம் தேற்றப்பொருளது. ஆங்கிலம் அத்தேற்றத்தைப் பெரும்பாலும் ஒலியழுத்தத்தாற் காட்டும். தனி இடைச்சொல் தாராது. மாணவன் ஏகாரத்தை விட மனமின்றி 'இட்செல்பு' என்பதை அவ்விடத்தில் வைக்கிறான். ஆங்கிலத் தேர்வில் அது பிழையே, மறுக்கவில்லை. ஆனால் அஃது அறிவின்மையாற் பிறந்த பிழையன்று.

யானும் இதிற் குற்றவாளியே. ஆசிரியப் பணியேற்ற தொடக்கத்தில், ஆங்கில வகுப்பும் என்பால் ஒப்படைக்கப்பட்டிருந்தபோது, இத்தகைய தொடர்களைச் சிவப்பு மையால் அடித்தேன், காரணம் கூறினேனல்லேன். உழவர்வீட்டுப் பையன் ஒருவன் அவ்வாண்டு முழுதும் வகுப்பில் வாய்திறக்கவில்லை. மறு ஆண்டு கரும்பலகையை நடுவே கோடிட்டுப் பிரித்தேன். இடப்புறம் தமிழ்த்தொடர், வலப்புறம் ஆங்கிலத்தொடர். ஏகாரத்தின்கீழ்க் கோடிட்டு, "இஃது அங்கே எங்குப் போயிற்று?" என வினவினேன். எழுந்து விடை கூறியவன் அப்பையனே.