குடிநோய் மீட்சி: சேரிக்கு எட்டாத உரிமை

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், தலித்துகள் பலர். தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது, வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. ஆனால், அச்சாராயத்தை நோக்கி அவர்களைத் தள்ளிய குடிநோய்க்கு மருத்துவமும் துணையும் எங்கே கிடைக்கும் என்ற வினா விவாதத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

அண்டை மாவட்டமான கடலூருக்கு அவ்வினா அந்நியமானதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. கடலூர் மாவட்டத்திலோ 29 விழுக்காடு. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் வசம் வைத்திருக்கும் டாஸ்மாக், நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை கடை திறக்கிறது. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியின் உரிமம் பெற்ற சாராயக்கடைகள். அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவோ பெரும்பாலும் முற்பகலோடு முடிகிறது. காட்டுமன்னார்கோவில், புவனகிரி வட்டாரத்துக் கூலித் தொழிலாளி சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ சிகிச்சைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்; மது வாங்க எதையும் ஒத்திவைக்க வேண்டியதில்லை.

குடியை நிறுத்துவதில் இரு கட்டங்கள் உள்ளன. முதலாவது மருத்துவம் சார்ந்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். சில வேளைகளில் உயிரே போகலாம். கடை திறக்கும்வரை காத்திருக்க இயலாமல் விடியற்காலையில் கள்ளச்சாராயத்தைத் தேடவைப்பதும் இந்நடுக்கமே. இதை மனவுறுதிக் குறைவென்று பழிப்பது அறியாமை. இரண்டாவது கட்டம், மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் தொடங்கும் நீண்ட காலம். அங்கேதான் துணைக்குழு தேவைப்படுகிறது.

1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இத்தகைய குழுக்களின் முன்னோடி. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி, கட்டணம் இல்லை. குடியிலிருந்து மீண்டவரே மீள விரும்புபவருக்குத் துணை. குடும்பத்தினருக்கு ‘அல்-அனான்’ என்னும் தனிக்குழு உண்டு. 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை 2020-இல் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காதிருப்பதில் இவ்வழிமுறை பிற சிகிச்சைமுறைகளைவிடப் பெரும்பாலும் மேம்பட்ட பலனளிப்பதாகக் கண்டது.

ஆயினும் ‘பெயர் அறியாமை’ என்னும் அதன் அடித்தளம் சாதியச் சமூகத்தில் எளிதில் நிலைகொள்ளாது. பெயரைச் சொல்லாவிட்டாலும், எந்தத் தெரு என்று கேட்பார்கள். நகர மண்டபத்தில் வட்டமாகப் போடப்பட்ட நாற்காலிகளுள் ஒன்றில் அமரும் சேரி மனிதர், குடிநோயாளி என்ற பழியோடு சாதிப் பழியையும் சுமக்கிறார். ‘அவர்கள் எப்போதும் குடிப்பவர்கள்தானே’ என்ற இழிசொல் அவருக்கு முன்பே அந்த அறைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. பெண் குடிநோயாளிக்கு அந்த வாசலே தெரியாது.

சட்டம் இவ்விடத்தில் தெளிவாக உள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுப் பயன்பாட்டால் விளையும் மனநலக் கேடுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையை அணுகும் உரிமையை அனைவருக்கும் வழங்கி, சாதியின் பெயரால் பாகுபாடு கூடாதென வெளிப்படையாகக் கூறுகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்குச் சிகிச்சை இலவசம் என்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்சச் சேவை இல்லையெனில், அம்மாவட்டத்தின் பிற மனநலச் சேவையைப் பெறும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்கிறது. எனவே, மீட்சி என்பது சலுகையன்று. கேட்டுப் பெற வேண்டிய உரிமை.

நம் இயக்கங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. அயோத்திதாசர் முன்வைத்த பௌத்தத்தின் பஞ்சசீலத்திலும், 1956-இல் நாக்பூரில் அம்பேத்கர் வழங்கிய 22 உறுதிமொழிகளிலும் மது விலக்கு உண்டு. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மது ஒழிப்பு மாநாடு நடத்தியது. கடையை மூடக் கோரும் அரசியல் தேவையானது. ஆனால், இன்று குடித்துக்கொண்டிருப்பவருக்கு மாநாட்டுத் தீர்மானம் மட்டும் போதாது. துணைக்குழுக்களோ மரபின்படி மதுவிலக்கு பற்றிக் கருத்துரைப்பதில்லை. வெளியார் நிதியும் பெறுவதில்லை. ஒன்று செய்ய இயலாததை மற்றொன்று செய்கிறது, இரண்டும் வேண்டும்.

ஆகவே, அரசு இக்குழுக்களை நடத்த வேண்டியதில்லை; வாசலைத் திறந்தால் போதும். சேரிகளின் சமுதாயக் கூடத்தையும் பள்ளி வகுப்பறையையும் வாரம் ஒரு மாலை, வேலை முடிந்த நேரத்தில், சிறு வாடகைக்கு வழங்கலாம். சென்னை டி.டி.கே. மருத்துவமனை மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம்கள், சிகிச்சையே ஊருக்குள் வர இயலும் என்பதைக் காட்டியுள்ளன. சிகிச்சை முடிந்து வெளியேறும் ஒவ்வொருவரிடமும் அருகிலுள்ள குழுவின் இடமும் நேரமும் எழுதித் தரப்பட வேண்டும். 14446, 14416 ஆகிய கட்டணமில்லா எண்கள் ஒவ்வொரு மதுக்கடைச் சுவரிலும் இடம்பெற வேண்டும். கிராம சபைத் தீர்மானமாகவும், திங்கட்கிழமைக் குறைதீர் நாள் மனுவாகவும் இக்கோரிக்கைகளை எழுப்பலாம். மது விற்ற பணத்தை அரசு கணக்கில் காட்டுகிறது. அம்மதுவால் நோயுற்றவரையும் அது கணக்கில் கொள்ளட்டும்.