விடுபட்ட பதக்கங்கள்: நிரூபிக்கும் பாரம் யாருடையது?

அமெரிக்க ராணுவப் பணியை முடித்து வீடு திரும்புகிறவர்களுக்கு டி.டி. 214 என்றொரு படிவம் தரப்படுகிறது. 1950இல் வழக்கத்துக்கு வந்த இந்தத் தாள்தான் அவர்களுடைய ராணுவ வாழ்வுக்கு முதல் சாட்சி. வேலைக்கு, வீட்டுக் கடனுக்கு, மருத்துவத்துக்கு, கடைசியில் கல்லறை இடத்துக்கும் இதைத்தான் கேட்பார்கள். இன்றைய படிவத்தில் 13ஆம் கட்டம் பதக்கங்களுக்கு உரியது. போர்முனையில் காயம்பட்டுத் திரும்பிய ஒருவர், பேரப்பிள்ளைகள் கேட்கிறார்களே என்று பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிறார். காயம்பட்டவர்களுக்கு உரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் அதில் இல்லை.

அப்போது குடும்பத்தில் இரண்டு எண்ணங்கள் எழும். அரசு ஏமாற்றிவிட்டது என்பது ஒன்று. தாத்தா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பாரோ என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டுமே தவறாக இருக்கும். யாரோ ஒரு எழுத்தர் எழுதாமல் விட்டது, அல்லது எழுதியது தொலைந்துபோனது என்பதே நடந்திருக்கும். இதைத் திருத்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எந்தக் குறைக்கு எந்த வாசல் என்று தெரியாமல் தட்டுவதால், நியாயமான கோரிக்கைகளும் மறுக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன.

முதலில், பதக்கம் எப்படி விடுபடுகிறது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் விடுவிக்கப்பட்டார்கள். வரிசையில் நின்றவருக்கு ஊருக்குப் போகும் ரயிலைப் பிடிக்கும் நினைப்பு. தட்டச்சு செய்தவருக்கு அடுத்த ஆளைக் கவனிக்கும் அவசரம். அப்போதைய விடுவிப்புத் தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தவர்கள் குறைவு. காயம்பட்ட வீரருக்கு மருத்துவமனைக் கட்டிலிலேயே பதக்கத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கான ஆணையின் நகலை அவருடைய கோப்பில் சேர்க்காமல் விட்டதும் உண்டு.

யாருடைய கவனக்குறைவும் இல்லாமல் விடுபடுவதும் உண்டு. வீரர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு அறிவிக்கப்படும் பதக்கங்கள் இந்த வகை. முன்வரிசையில் போரிட்ட காலாட்படையினருக்கு, நீல நிறப் பட்டையில் பழைய துப்பாக்கி பொறித்த ஒரு சின்னம் உண்டு. அந்தச் சின்னத்தை இரண்டாம் உலகப் போரின்போது ஈட்டியவர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உண்டு என்று 1947இல் ராணுவம் முடிவு செய்தது. அவர்களில் மிகப் பலர் அதற்கு முன்பே ராணுவத்தை விட்டுப் போயிருந்தார்கள். கேட்டு விண்ணப்பித்தவருக்குக் கிடைத்தது. சேதி எட்டாதவருக்குக் கிடைக்கவில்லை. வியட்நாமில் பணியாற்றிய ராணுவப் பிரிவுகளுக்குத் தென்வியட்நாம் அரசின் வீரச் சிலுவைப் பிரிவு விருதை உறுதிசெய்த பொது ஆணை 1974இல்தான் வந்தது. கொரியப் போரில் சண்டையிட்டவர்களுக்குத் தென்கொரியா தர முன்வந்த பதக்கத்தை அமெரிக்கா ஏற்றுக்கொள்ள 1999 ஆகிவிட்டது. 1953இல் ஊர் திரும்பியவரின் படிவத்தில் அது எப்படி இருக்கும்?

ஆகவே, படிவத்தில் ஒரு பதக்கம் இல்லை என்பதால் அதற்கு அவருக்குத் தகுதி இல்லை என்று ஆகிவிடாது. இதைக் குடும்பத்தார் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வாசல்களைப் பிரித்தறிவது. விடுபட்ட பதக்கங்கள் மூன்று வகை. முதல் வகை, இன்ன காலத்தில் இன்ன இடத்தில் பணியாற்றினால் தானாகவே உரியவை: போர்ச் சேவைப் பதக்கங்கள், பிரிவு விருதுகள் போன்றவை. இவற்றுக்கு யாரும் பரிந்துரைக்கத் தேவையில்லை. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்.எஃப். 180 படிவத்தை அனுப்பினால், அங்குள்ள கோப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தகுதி உறுதியானால் டி.டி. 215 என்ற திருத்தத் தாள் வரும். பழைய டி.டி. 214 அப்படியே இருக்கும். திருத்தம் அதோடு சேர்ந்து நிற்கும். பெரும்பாலான கோரிக்கைகள் இந்த வாசலிலேயே முடிந்துவிடக் கூடியவை.

இரண்டாவது வகை, வழங்கப்பட்டும் பதிவாகாதவை, அல்லது தகுதி இருந்தும் உரிய காலத்தில் வழங்கப்படாதவை. பர்ப்பிள் ஹார்ட் இதில் முக்கியமானது. இது வீரத்தை எடைபோட்டுத் தரும் விருது இல்லை. நிபந்தனைகள் நிறைவேறினால் உரிமையாகச் சேர வேண்டியது. எதிரியின் செயலால் காயம்பட்டிருக்க வேண்டும். அந்தக் காயத்துக்கு மருத்துவ அலுவலரின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் பலர் சிக்குகிறார்கள். குண்டு பாயும் வயலில் உதவியாளர் ஒருவர் கட்டுப்போட்டுவிட, வீரர் மறுபடியும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார் என்றால், அதை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

இப்படி ஆவண மையமும் படைப்பிரிவின் பணியாளர் அலுவலகமும் முடியாது என்று சொன்ன பிறகு போக வேண்டிய இடம் ராணுவப் பதிவுத் திருத்த வாரியம். 1946க்கு முன்பு ஒருவருடைய பதிவைத் திருத்த வேண்டுமானால், நாடாளுமன்றத்தில் அவர் பெயரிலேயே தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சுமையைக் குறைக்க அந்த ஆண்டு இயற்றிய சட்டம், திருத்தும் அதிகாரத்தைப் படைத்துறைச் செயலர்களுக்குக் கொடுத்தது. அவர்கள் சார்பில் விசாரிக்கும் வாரியத்தில் இருப்பவர்கள் சீருடை அணியாத குடிமக்கள். தரைப்படைக்கும் விமானப்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் தனித்தனி வாரியங்கள் உண்டு. கடற்படைக்கும் மரைன் படைக்கும் பொதுவாக ஒன்று. பிழையைத் திருத்துவதும் அநீதியை நீக்குவதும் அவற்றின் வேலை என்று சட்டமே சொல்கிறது.

விண்ணப்பப் படிவம் டி.டி. 149. பிழை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது கெடு. ஆனால் நீதியின் நலனுக்காக அந்தக் கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. பதக்கக் கோரிக்கைகளில் அது பலமுறை தளர்த்தப்பட்டும் இருக்கிறது. ஆகவே காலம் கடந்துவிட்டது என்று சோர்ந்து உட்கார வேண்டியதில்லை. வீரர் காலமாகியிருந்தால் மனைவியோ வாரிசோ விண்ணப்பிக்கலாம். எந்த விண்ணப்பமும் 18 மாதங்களுக்கு மேல் முடிவில்லாமல் கிடக்கக் கூடாது என்பதும் சட்டம்.

மூன்றாவது வகை, வீரச்செயலுக்கான விருதுகள். இவை தானாகச் சேர்வதில்லை. நேரில் கண்ட ஒருவரின் வாக்குமூலமும் மேலதிகாரியின் பரிந்துரையும் வேண்டும். பரிந்துரை அந்தக் காலத்திலேயே தரப்படாமலோ தொலைந்தோ போயிருந்தால், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாக அதைப் படைத்துறைச் செயலரிடம் சேர்த்துத் தகுதியை ஆராயக் கேட்கலாம். இதற்கென்றே தனிச் சட்டப்பிரிவு உண்டு. இதற்குச் சிறந்த உதாரணம் பாரிஸ் டேவிஸ். 1965 ஜூனில் வியட்நாமின் பாங் சன் அருகே நடந்த சண்டையில், பலமுறை காயம்பட்ட பிறகும் தன் ஆட்களை விட்டுவிட்டு வர மறுத்த சிறப்புப் படை கேப்டன் அவர். நாட்டின் உச்ச விருதான மெடல் ஆஃப் ஆனருக்கு அவரைப் பரிந்துரைத்த தாள்கள் தொலைந்தன. மறுபடி தரச் சொன்னார்கள். அவையும் காணாமல் போயின. கறுப்பின அதிகாரி என்பதால்தான் இப்படி நடந்தது என்று அவரோடு போரிட்டவர்கள் நம்பினார்கள். அவர்கள் விடாமல் முயன்றதன் பலனாக 2023 மார்ச் 3 அன்று, தமது 83ஆம் வயதில், அவர் அந்தப் பதக்கத்தைப் பெற்றார்.

வாசல் சரியாக இருந்தாலும் கையில் சான்று வேண்டுமே. இங்கேதான் 1973 ஜூலை 12 குறுக்கே வருகிறது. செயின்ட் லூயிஸை ஒட்டிய ஓவர்லண்டில் இருந்த ஆவண மையத்தின் ஆறாவது மாடி அன்று நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. 1947க்கும் 1964க்கும் இடையே விமானப்படையிலிருந்து விலகியோரில், பெயரின் அகரவரிசையில் ஹப்பார்டுக்குப் பின்னால் வருவோரின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம் அழிந்தது. நகல் இல்லை, நுண்படமும் இல்லை. தண்ணீரில் ஊறிப்போனவற்றை ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் வெற்றிட அறையில் உலர்த்திக் காப்பாற்றினார்கள். விளிம்பு கருகிய அந்தக் கோப்புகள் இன்றும் கையுறை அணிந்து புரட்டப்படுகின்றன.

கோப்பு எரிந்தால் எல்லாம் முடிந்ததென்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியிலும் எழுத்தர் காலையில் ஓர் அறிக்கை எழுதுவார். முதல் நாள் யார் நிலை மாறியதோ அவர் பெயர் மட்டும் அதில் இருக்கும்: இன்னார், பணியிலிருந்து மருத்துவமனைக்கு, போரில் லேசான காயம். ஒரே வரிதான். ஆனால் பர்ப்பிள் ஹார்ட் கேட்பவருக்கு அந்த ஒரு வரி போதுமான ஆதாரம் ஆகக் கூடும். இதைத் தேடப் பிரிவின் பெயரும் ஏறக்குறைய தேதியும் வேண்டும். 1942 முதல் 1945 வரையும் 1950 முதல் 1954 வரையும் ராணுவ மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் பற்றிய சுமார் 1 கோடிப் பதிவுகள் கணினி நாடாக்களில் இருந்தன. 1988இல் அவை ஆவண மையத்துக்கு வந்தன. அவற்றில் பெயர் இல்லை, ராணுவ எண்தான் உண்டு. ஆகவே தாத்தாவின் ராணுவ எண் வீட்டில் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருந்தால் அது பெரும் உதவி. மாநில அரசுகள் கொடுத்த போர்க்கால ஊக்கத்தொகை விண்ணப்பம், அந்த நாளைய கடிதம், உள்ளூர்ச் செய்தித்தாள் துணுக்கு, உடன் இருந்தவரின் கையொப்பமிட்ட வாக்குமூலம் ஆகியவையும் எடுபடும். வாக்குமூலத்தில் புகழ்ச்சி வேண்டாம். எந்த நாள், எந்த இடம், கண்ணால் கண்டது என்ன என்பது இருந்தால் போதும்.

இதுவரை சொன்னது நடைமுறை. இனி சொல்வது இந்தத் தலையங்கத்தின் கருத்து.

வாரியம் ஒரு விண்ணப்பத்தை எடுக்கும்போது, ராணுவம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும் என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. பிழை நடந்ததற்கே சான்று மிகுதி என்று விண்ணப்பதாரர்தான் காட்ட வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பதக்கம் கொடுத்தால், ரத்தம் சிந்தி வாங்கியவரின் பதக்கம் மதிப்பிழக்கும். அதை நாமும் ஏற்கிறோம்.

ஆனால் அதே நாட்டில், அதே வீரர் ஊனத்துக்கு உதவித்தொகை கேட்டால் அளவுகோல் வேறாகிவிடுகிறது. முன்னாள் படைவீரர் நலத் துறையில் இரு பக்கச் சான்றும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே. அரசின் கையில் இருந்தபோது ஆவணம் அழிந்திருந்தால், அந்தப் பலனைக் கவனமாக ஆராய்ந்து காரணத்தை விளக்கும் கடமை கூடுகிறது என்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. பணம் கொடுக்கும் விஷயத்தில் பின்பற்றும் இந்த நியாயத்தை, மரியாதை கொடுக்கும் விஷயத்தில் ஏன் பின்பற்றக் கூடாது? தாசில்தார் அலுவலகத்தில் பழைய ஆவணம் கரையான் அரித்துப் போனால், நிலம் வைத்திருப்பவரைப் பார்த்து உன்னிடம்தான் நகல் இருக்க வேண்டும் என்று சொல்வது எவ்வளவு பொருந்தாதோ, அவ்வளவு பொருந்தாதது இது.

பதக்கம் என்றால் வெறும் அலங்காரம் என்று கருதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பர்ப்பிள் ஹார்ட் பதிவில் இருந்தால் முன்னாள் படைவீரர் மருத்துவத்தில் முன்னுரிமை கூடுகிறது. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் மண்ணடக்கம் பெறவும் தகுதி வருகிறது. போரின் பாதிப்பால் மனநோய் வந்தது என்று உதவித்தொகை கேட்பவருக்கு, அவர் சண்டையில் இருந்தார் என்பதற்கு அதுவே சான்றாகிறது. 13ஆம் கட்டத்தில் ஒரு வரி இல்லாமல் போனால், மருத்துவமனை வாசல் வரை அதன் விளைவு நீள்கிறது.

ஆகவே மூன்று மாற்றங்கள் வேண்டும். 1973 தீயில் கோப்பை இழந்தவர்களின் விண்ணப்பங்களில், சான்று சமமாக நின்றால் வீரருக்குச் சாதகமாக முடிவெடுக்க வேண்டும் என்று வாரியங்களுக்குச் சட்டமே சொல்ல வேண்டும். காலை அறிக்கையையும் மருத்துவமனைப் பதிவையும் தேடும் வேலையை அவற்றை வைத்திருக்கும் அரசே செய்ய வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவரிடம் பிரிவின் பெயரையும் தேதியையும் கேட்டுக்கொண்டிருப்பது முறையில்லை. புதிய பதக்கமோ பிரிவு விருதோ அறிவிக்கப்பட்டால், தகுதியுள்ளவர்களை அரசே தேடிக் கடிதம் எழுத வேண்டும்.

அந்த நாள் வரும்வரை குடும்பங்கள் செய்யக் கூடியது இது: இருக்கும் டி.டி. 214இன் நகலோடு எஸ்.எஃப். 180ஐ இந்த வாரமே அனுப்புங்கள். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உடன் போரிட்டவர்கள் உயிரோடு இருந்தால் அவர்கள் சொல்வதை இப்போதே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். இது யாரிடமும் கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை. நாட்டின் பதிவேடு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்க ஒவ்வொரு வீரருக்கும் உரிமை உண்டு.