காலுக்கும் கணக்கு வேண்டும்



சித்திரை விடுமுறையில் நமது கிளையிலிருந்து பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போனோம். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, நகருக்கு வடக்கே சாம்பல்தீவை அடுத்த சல்லிக்குப் போய் முத்துமாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். கோவில் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையில் நின்றபோதுதான் ஒருவர் காலை ஒருவர் பார்த்தோம். பிளந்த குதிகால், வெள்ளையாக ஊறிப்போன விரலிடுக்கு, கயிறுபோலப் புடைத்த நரம்பு, கணுக்காலுக்கு மேலே கறுத்த தோல். பலர் சேலையை இழுத்து விட்டு மறைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற சல்லி ஊர் அம்மா ஒருவர், "கடலுக்குப் போற எங்கட ஆம்பிளையளின்ர காலும் இப்பிடி இல்லையே, என்ன வேலை பிள்ளை செய்யிறீங்கள்?" என்று கேட்டுவிட்டார். நமக்குப் பதில் வரவில்லை.

பிறகு கடற்கரைக்கு இறங்கினோம். உப்புத்தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்று யாரோ சொல்ல, கணுக்காலில் எட்டு மாதப் புண் இருந்த நம் அக்கா ஒருவர் அதைக் கடலில் நனைத்தார். ஊர் திரும்பிய இரண்டாம் நாள் கால் முழங்கால்வரை சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். திறந்த புண்ணைக் கடல்நீரில் வைக்கக் கூடாது. அதன் வழியாகக் கிருமி உள்ளே போகும். அந்தத் தவறு நம்முடையது. ஆனால் அதற்கு முந்திய எட்டு மாதம்? தோட்டத்து மருந்துக் காமராவில் அவருக்குக் கிடைத்தது பனடோலும், "தோட்ட வேலைன்னா அப்படித்தான்" என்ற பேச்சும்.

அப்படித்தான் இல்லை. இது தலையெழுத்தும் இல்லை, வேலையால் வருவது.

1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் நம் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். அந்தப் புழு மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறி, குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்கும். மருந்து கொடுத்தார்கள். மலசலகூடம் கட்ட வேண்டும் என்றபோது துரைமார் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். மருந்து குடித்த ஆள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தால் புழு திரும்பத்தானே வரும்? வந்தது. நூறு வருடம் கழித்தும், களிம்பு கொடுத்துவிட்டு அதே ஈர மலைக்கு அதே ரப்பர் செருப்போடு அனுப்புகிறார்கள்.

பூட்ஸ் கேட்டால், "வாங்கிக் கொடுத்தாலும் போட மாட்டார்கள்" என்கிறார்கள். போடாததற்குக் காரணம் கேட்டார்களா? நாம் கண்டதெல்லாம் ஆண்கள் அளவு, வழுக்கும் அடி, உள்ளே தண்ணீர் போனால் வெளியே வராத ஜாதி. அதைப் போட்டுக்கொண்டு சரிவில் கூடையோடு இறங்கிப் பார்க்கட்டும். பெண்களின் அளவில், பிடிப்புள்ள அடியோடு, வருடத்துக்கு இரண்டு சோடி கொடுத்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அதற்காக எத்தனை கூட்டம் போட்டோம்! காலைப் பற்றி ஒரு தீர்மானம்கூட எழுதவில்லை. பேர் போடுவதற்கும் நிறைக்கும் சண்டை பிடித்த நாம், அந்தப் பேருக்காக மலை ஏறும் காலை மறந்துவிட்டோம்.

பூட்ஸ் வரும்வரை காத்திருக்கவும் முடியாது. வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். சேற்றுப்புண்ணுக்கு முதல் மருந்து உலர்த்துவதுதான். குளோட்ரிமசோல் களிம்பு கிடைத்தால், அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். நின்றதும் விடுவதால்தான் திரும்ப வருகிறது. பித்தவெடிப்புக்கு, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்து, இரவில் தேங்காயெண்ணெயோ வஸ்லினோ தடவிப் பழைய மேசைப் போட்டுத் தூங்குங்கள். பிளேடால் சீவாதீர்கள்.

அட்டையை நெருப்பால் சுட வேண்டாம், உப்பும் கொட்ட வேண்டாம். அது கக்கிவிட்டு விழும், புண்ணுக்குள் அழுக்குப் போகும். நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுத்து, கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமல் அது ஒன்றைச் செலுத்துவதால் கொஞ்சம் நேரம் ஓடத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். சொறிவதால்தான் பாதிப் புண்கள் வருகின்றன. கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தில் சுண்ணாம்பு, புகையிலை, தேயிலைத்தூள் எதையும் அப்பாமல், ஓடும் தண்ணீரில் கழுவி, ஏற்பு ஊசிக்குப் போங்கள்.

நரம்பு புடைத்தவர்கள் மாலையில் கால்மணி நேரமாவது காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் படுக்க வேண்டும். (சோறு யார் ஆக்குவது என்று கேட்பீர்கள். ஆண்கள் ஆக்கலாம்.) கணுக்காலுக்கு மேலே வரும் ஆறாத புண்ணுக்கு இறுக்கிக் கட்டும் கட்டுத்தான் முக்கிய வைத்தியம், ஆனால் காலுக்கு இரத்தம் நன்றாகப் போகிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே கட்ட வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் தினமும் இரவில் அடிப்பாதத்தைப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது; சுடுநீரின் சூட்டையும் காலால் பார்க்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ, சிவப்பு மேலே ஏறிக் காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரி. பேர் போனால் போகட்டும்.

வேலையில் பட்ட காயத்தை அன்றே கணக்கப்பிள்ளையிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள், ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வையுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பதிவில்லாத காயத்துக்கு அதன்கீழ் வாதாடுவது பெரும் பாடு.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தாங்கள் மலைக்குப் போட்டுப்போகும் செருப்பைக் கொண்டு வாருங்கள். கால் அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடும் அந்தச் செருப்புகளோடும்தான் தோட்ட அலுவலகத்துக்குப் போகப் போகிறோம்.