வெண்ணெய் சாப்பிட்ட மனிதன்

பெர்லினுக்குத் தெற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் வுன்ஸ்டார்ஃப். அதை ஒட்டிய பைன் காட்டுக்குள் செரென்ஸ்டார்ஃப் என்றொரு சின்னக் கிராமம் இருந்தது. ராணுவப் பயிற்சி மைதானம் அதை விழுங்கிவிட்டது. இன்று ஊரின் பெயரைத் தாங்கி நிற்பது இடுகாடு மட்டுமே. அதில் வரிசையாக நடப்பட்ட வெள்ளைக் கற்களின் அடியில் 206 இந்தியச் சிப்பாய்களும் கப்பல் தொழிலாளிகளும் கிடக்கிறார்கள்.

அந்த இடுகாட்டுக்கு நான் போனதில்லை. ஆனால் அந்த ஊர்ப் பக்கம் அடைபட்டிருந்த ஒருவரின் குரலைக் கேட்டிருக்கிறேன். கேட்ட நாளிலிருந்து அது என்னை விடவில்லை.

முதல் உலகப் போரில் சுமார் 1,40,000 இந்தியர்கள் பிரான்ஸ், பெல்ஜியம் போர்முனைக்குப் போனார்கள். பிடிபட்டவர்களில் பலரை ஜெர்மானியர்கள் வுன்ஸ்டார்ஃபில் வைத்தார்கள். பிறைநிலா முகாம் என்று அதற்குப் பெயர். கைதிகளை நல்லபடியாக நடத்தி, பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் எதிராகத் திருப்பிவிடுவது திட்டம். அதற்காகவே 1915இல் அங்கே முஸ்லிம் கைதிகளுக்கென்று மரத்தால் ஒரு மசூதியும் கட்டினார்கள். ஜெர்மனியில் தொழுகைக்கென்று எழுந்த முதல் மசூதி அது. 1920களில் அதை இடித்துவிட்டார்கள். ஆனாலும் அங்கே ஒரு தெருவுக்கு இன்றும் மசூதித் தெரு என்றுதான் பெயர்.

திட்டம் பெரிதாகப் பலிக்கவில்லை. குளிரும் காசநோயும் பலித்தன. ஆள் செத்துக்கொண்டே இருக்கவும், தட்பவெப்பம் கொஞ்சம் தோதாக இருக்கும் என்று 1917இல் இந்தியக் கைதிகளை ருமேனியாவுக்கு மாற்றினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

இதற்கிடையில் முகாமுக்கு மொழியறிஞர்கள் வந்தார்கள். உலகத்து மொழிகளெல்லாம் ஒரே வேலிக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன, இதைவிட்டால் வாய்க்காது என்று வில்ஹெல்ம் டோகன் என்பவர் அரசிடம் அனுமதி வாங்கி, கைதிகளின் பேச்சை இசைத்தட்டில் பதியத் தொடங்கினார். பேசுகிறவர் புனல் மாதிரியான குழாயின் முன்னால் நிற்க வேண்டும். என்ன பேசப்போகிறார் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். ஆளுக்கொரு படிவம்: பிறந்த ஊர் எது, எழுதப் படிக்கத் தெரியுமா, தாய் தகப்பன் எந்த ஊர்க்காரர்கள். குரல் எப்படிப்பட்டது என்றுகூட ஒரு கட்டம் உண்டு. அந்தத் தட்டுகள் இன்றும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

1916 டிசம்பர் 11 அன்று மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் அந்தக் குழாய்க்கு முன்னால் நின்றார். ‘ஹாஃப்மூன் ஃபைல்ஸ்’ என்ற 2007ஆம் ஆண்டு ஆவணப்படத்தில்தான் அந்தக் குரலைக் கேட்டேன். ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஒரு ஊர்ல ஒரு ராஜா என்று நாம் தொடங்குவோமே, அதுபோல, ஒரு மனிதன் இருந்தான் என்று தன் கதையை யாருடையதோ போலச் சொல்கிறார். இந்துஸ்தானத்தில் அவன் வெண்ணெய் தின்றான், இரண்டு சேர் பால் குடித்தான். பட்டாளத்தில் சேர்ந்தான், ஐரோப்பியச் சண்டைக்கு வந்தான், ஜெர்மானியரிடம் பிடிபட்டான். இப்போது ஊருக்குப் போக வேண்டும் என்கிறான். இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருந்தால் செத்துப்போவான்.

சக்கரவர்த்தியைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. பாலும் வெண்ணெயும்தான். போர் நினைவிடங்களில் வீரம், தியாகம் என்று பொறித்ததை எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். இரண்டு சேர் பால் என்பதைப் போல எதுவும் என் நெஞ்சைப் பிசைந்ததில்லை. பசித்தவன் கனவில்தான் அளவு அத்தனை துல்லியமாக இருக்கும்.

செரென்ஸ்டார்ஃபில் புதைக்கப்பட்டவர்கள் அதன்பிறகும் நிம்மதியாக இருந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டாம் போர் முடிந்ததும் அந்தக் காடு சோவியத் ராணுவத்தின் கைக்குப் போனது. இடுகாட்டைச் சுற்றிலும் பயிற்சி. கல்லறைகளைப் பராமரிக்க வந்தவர்களுக்கும் வழி இல்லை. சோவியத் காலத்து ராணுவம் 1994இல் வெளியேறிய பிறகுதான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் உள்ளே போய்ச் சீரமைக்க முடிந்தது. 2005இல் இடுகாட்டை மீண்டும் முறைப்படி திறந்துவைத்தார்கள். புதுக் கற்கள் நட்டார்கள். பக்கத்திலேயே ரஷ்யப் படையில் இருந்து பிடிபட்ட தாத்தாரியர்களுக்கும் ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

கல்லில் பெயர், படைப்பிரிவு, எண், இறந்த தேதி. அதற்குமேல் இடமில்லை. ஆனால் ஆணையத்தின் பதிவேட்டில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் இன்னொரு வரியும் உண்டு. இன்னார் மகன், இன்ன கிராமம், இன்ன தாலுகா, இன்ன ஜில்லா. தபால்காரருக்கு எழுதியதுபோல அவ்வளவு ஒழுங்காக.

படைப்பிரிவை விட்டுவிட்டு அந்த வரியைப் பொறித்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஊரே இல்லாத ஒரு ஊரின் இடுகாட்டில் கிடக்கிறவர்களுக்குச் சொந்த ஊர்ப் பெயராவது தலைமாட்டில் இருந்திருக்கும்.