ஒரு சொல்லும் ஒரு தேதியும்

தமிழாசிரியனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு உறுத்துவது ஒரு சொல்தான்.

இலவசச் சட்ட உதவியைக் கூறும் அரசியலமைப்பின் 39அ பிரிவு, நீதி மறுக்கப்படலாகாதவர் 'குடிமக்கள்' என்கிறது. அதனைச் செயற்படுத்த வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டமோ, 12ஆம் பிரிவில் 'ஒவ்வொரு நபரும்' என்று தொடங்கி, பெண்களையும் குழந்தைகளையும் இன வன்முறையால் பாதிக்கப்பட்டோரையும் வெளிப்படையாகவே சேர்க்கிறது. 1983க்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழருக்கு இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

சொல் இருக்கிறது, ஆள் வரவில்லை. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். ஆயினும், 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை செல்ல நேர்ந்தது. 2022இல்தான் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே தகுதியுடைய பிறருக்கு இதை யார் எடுத்துரைப்பது?

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் முகாம்கள் உள்ளன. கட்டட வேலைக்கும் வண்ணம் பூசவும் செல்பவர் நீதிமன்ற வளாகத்துக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. உதவித்தொகைக்காகப் பெயர் சரிபார்க்கும் நாளில் முகாமே கூடியிருக்கும். அன்று ஆணைக்குழு வழக்குரைஞர் அங்கேயே அமர்ந்து, பிறப்புச் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். முகாமில் பட்டம் பெற்ற பிள்ளைகளுக்குச் சட்டத் தன்னார்வலர் பயிற்சி தரட்டும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இருக்கும் சட்டம் முகாம் வாசல்வரை வந்தால் போதும்.