விலைப்பட்டியலுக்கு அஞ்சும் வக்கீல் தொழில்

அந்நிய தேசத்துச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் அலுவலகம் திறந்து, தங்கள் நாட்டுச் சட்டங்களைப் பற்றியும் சர்வதேசச் சட்டத்தைப் பற்றியும் ஆலோசனை கூறலாம், சர்வதேச மத்தியஸ்த விவகாரங்களிலே ஆஜராகலாம், நம்முடைய நியாயஸ்தலங்களின் படியை மட்டும் மிதிக்கலாகாது என்று வகைசெய்யும் திருத்திய விதிகளை 2025 மே மாதத்தில் வெளியிட்ட இந்திய பார் கவுன்சில், அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னால் வெளியிட்ட மற்றொரு சுற்றறிக்கையை இந்நேரம் மறந்திருக்கலாம்; நாம் மறப்பதற்கில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலை 3-ஆம் தேதி அளித்த தீர்ப்பை அனுசரித்து எழுந்த அந்தச் சுற்றறிக்கை, ஜஸ்ட்டயல், சுலேகா, குவிக்கர் முதலிய இணையதளங்களில் வக்கீல்களுடைய பெயரும் சேவையும் விளம்பரமாக இடம்பெறுவது விதிக்கு விரோதம் என்றும், அவற்றை நீக்கியாக வேண்டும் என்றும், அவ்வாறு வேலை தேடும் வக்கீல்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் பணித்தது. லண்டனிலிருந்து வரும் நிறுவனத்துக்கு மும்பையிலே இடம் உண்டு; மதுரையில் மூன்றாண்டு தொழில் பார்த்த ஜூனியருக்குக் கைப்பேசித் திரையிலே இடம் இல்லை.

வர்த்தகமும் யந்திரமும் வக்கீல் தொழிலை எப்படி மாற்றப்போகின்றன என்று இப்பொழுது மாநாட்டுக்கு மாநாடு பிரசங்கங்கள் நடக்கின்றன. செயற்கை நுண்ணறிவு வக்கீலை விழுங்கிவிடுமா, விழுங்காதா என்பதே அவற்றின் பிரதான விஷயம். எனக்கு இந்தக் கவலையில் பங்கில்லை. இந்தத் தொழில் எந்தப் புதுமையையும் கண்மூடித்தனமாக எதிர்த்ததும் இல்லை, வரவேற்றதும் இல்லை. தன் வருமானத்தைப் பெருக்கும் புதுமையை வாசலுக்கு வந்து மாலையிட்டு அழைத்துக்கொண்டு, கட்சிக்காரருடைய செலவைக் குறைக்கக்கூடிய புதுமையைக் கண்ணியம் என்ற பெயரால் தடுத்து நிறுத்துவதே அதன் வழக்கமாக இருந்து வருகிறது.

மும்பையின் சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனம் கனடா நாட்டுக் கைரா என்னும் மென்பொருளை 2017-இலேயே உபயோகத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனியை மற்றொரு கம்பெனி வாங்கும்போது, பழைய ஒப்பந்தங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்த ஷரத்தில் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று ஜூனியர்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தேடிய வேலையை யந்திரம் சில மணி நேரத்தில் முடித்துத் தந்தது. தொழிலின் கண்ணியம் போயிற்றென்று அன்றைக்கு யாரும் சுற்றறிக்கை விடவில்லை. யந்திரம் பொய் சொல்லும் என்கிற ஆட்சேபம் உண்மைதான். நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பித்த ஆறு பொய்த் தீர்ப்புகளை மெய்யென்று தாக்கல் செய்து, 2023 ஜூன் மாதத்தில் 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நம் பெங்களூரிலே வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 2024 டிசம்பரில், எங்கும் இல்லாத தீர்ப்புகளை ஆதாரமாகக் காட்டி ஓர் உத்தரவு பிறப்பித்துவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தீர்ப்புக்கு இத்தகைய கருவிகளை நம்பலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் கீழ்க் கோர்ட்டுகளுக்கு விதித்த கட்டுப்பாடு முற்றிலும் சரி. ஆனால், பொய் மேற்கோளைப் பற்றிப் பேசிப் பேசியே, மேற்கோள் எதுவும் தேவைப்படாத லட்சக்கணக்கான வழக்குகளைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

அந்த வழக்குகளைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் அதைச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது, இப்பொழுதும் சொல்கிறேன். 2019 டிசம்பர் மாதத்துக் கணக்குப்படி இந்தியாவில் நிலுவையில் கிடந்த கிரிமினல் வழக்குகள் 2.31 கோடி, அவற்றில் 35.16 லட்சம் வழக்குகள் பணமின்றித் திரும்பி வந்த செக்குகளைப் பற்றியவை. உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில் வெளிப்பட்ட கணக்கு இது. கொலையும் கொள்ளையும் மோசடியும் மற்றெல்லாக் குற்றங்களும் சேர்ந்து கிடக்கும் அந்தப் பெருங்குவியலில் ஏறக்குறைய ஏழில் ஒன்று வெறும் செக்! இதிலே சட்ட ஞானம் எவ்வளவு தேவைப்படுகிறது என்று பாருங்கள். செக் திரும்பிய தகவல் பாங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அதன் பின் ஒரு மாதத்துக்குள் பிராது கொடுக்க வேண்டும். செக்கு, பாங்கியின் குறிப்பு, நோட்டீஸின் நகல், தபால் ரசீது ஆகியவற்றை இணைக்க வேண்டும். கடன் இருந்ததென்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது; இல்லையென்று காட்ட வேண்டிய பாரம் எதிரியின் தலையில். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவன் செய்துவிடக்கூடிய காரியம் இது. ஆயினும் ஈரோட்டுச் சந்தையில் 40,000 ரூபாய்க்குத் துணி கொடுத்து ஏமாந்த சிறு வியாபாரி, வக்காலத்துக்கு ஒரு தொகை, நோட்டீஸுக்கு ஒரு தொகை, வாய்தாவுக்கு ஒரு தொகை, குமாஸ்தாவுக்குத் தனியாக ஒரு தொகை என்று கொடுத்துக்கொண்டே போய், வழக்கு முடிவதற்குள் பாக்கியைப்போல் பாதியைச் செலவிட்டு நிற்பதை, எந்த மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவிலும் காணலாம். மொத்தச் செலவு என்னவாகும் என்று முதல் நாளே அவனுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

இங்கிலாந்தில் என்ன நடந்தது? சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் அதிகார ஸ்தாபனம், கார்ஃபீல்ட் என்ற பெயருடைய, யந்திரத்தின் மூலமாகவே வேலை செய்யும் ஒரு சட்ட நிறுவனத்துக்கு 2025 மே மாதத்தில் அனுமதி அளித்தது. நம் பார் கவுன்சில் அந்நிய நிறுவனங்களுக்குக் கதவு திறந்த அதே மாதம். 10,000 பவுனுக்கு உட்பட்ட கடன் பாக்கிகளைச் சிறு வழக்குக் கோர்ட்டில் வசூலிப்பதே அதன் வேலை; பாக்கியைக் கேட்டு முதல் கடிதம் அனுப்ப 2 பவுன் கட்டணம். முன் தீர்ப்புகளை மேற்கோள் காட்ட அந்த யந்திரத்துக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு படியிலும் கட்சிக்காரருடைய சம்மதம் வேண்டும். தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க மனித வக்கீல்கள் இருக்கிறார்கள். பொய் மேற்கோள் பூதத்துக்கு அவர்கள் கண்ட பரிகாரம் இவ்வளவு எளிமையானது. இதே காரியத்தை ஒரு கம்பெனி திருச்சியில் தொடங்கினால், 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தின் 45-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, உரிமையின்றி ஆஜராவோருக்கு ஆறு மாதம் வரை சிறை என்று மிரட்டுவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஆனால், என் மனம் இங்கிலாந்தைவிட அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தின் பக்கமே அடிக்கடி செல்கிறது. ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரண்டு இளம் வக்கீல்கள், மிக ஏழையாகவும் இல்லாமல் செல்வராகவும் இல்லாமல் நடுவிலே திண்டாடும் ஜனங்களுக்காக ஒரு சட்ட நிலையம் தொடங்கினார்கள். ஒவ்வொரு வழக்கிலும் லாபம் சொற்பம். ஆகவே வழக்குகள் ஏராளமாக வந்தால்தான் நிலையம் பிழைக்கும். ஜனங்களுக்குத் தெரியாமல் எப்படி வரும்? 1976 பிப்ரவரி 22-ஆம் தேதி உள்ளூர்ப் பத்திரிகையில் அவர்கள் ஒரு விளம்பரம் வெளியிட்டார்கள். அதிலே ஆரவாரம் எதுவும் இல்லை, விலைப்பட்டியல்தான் இருந்தது: இருதரப்பும் ஒப்பிய விவாகரத்துக்கு 175 டாலர், கோர்ட் கட்டணம் 20 டாலர் தனி, சுவீகாரம், திவால் மனு, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு இன்ன இன்ன தொகை. மாகாண வக்கீல் சங்கம் சும்மா இருக்குமா? ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1977 ஜூன் மாதத்தில் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், சாதாரணச் சேவைகளின் விலையை உண்மையாகச் சொல்லும் விளம்பரத்தைத் தடுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பாயிற்று. கண்ணியம் பற்றி அன்றைக்கு அங்கே பேசப்பட்டவை அனைத்தும் இன்றைக்கு இங்கே பேசப்படுகின்றன. கட்டணத்தை வெளியே சொல்வது இழிவென்றால், கட்டணம் வாங்குவது மட்டும் எப்படி மேன்மையாகும் என்ற கேள்விக்கு இன்றுவரை எவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

அதே அரிசோனா, வக்கீல் அல்லாதவர்கள் சட்ட நிறுவனத்தில் பங்கு வைத்துக்கொள்ளலாகாது என்ற விதியையே 2020-இல் ரத்துச் செய்தது. அடுத்த வருஷம் ஜனவரி முதல் அது அமலுக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் கே.பி.எம்.ஜி. என்ற கணக்குத் தணிக்கைப் பெருநிறுவனம் அங்கே சட்டத் தொழில் நடத்த உரிமம் பெற்றது. பார்த்தீர்களா, விலைப்பட்டியலில் ஆரம்பித்தது முதலாளியின் கையில் முடிந்தது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்லேட்டர் அண்ட் கார்டன் நிறுவனம் 2007-இல் பங்குச் சந்தையில் ஏறிய முதல் சட்ட நிறுவனம் என்று புகழ்பெற்று, 2015-இல் 637 மில்லியன் பவுன் கொடுத்து இங்கிலாந்தில் ஒரு வியாபாரத்தை வாங்கிச் சரிந்து விழுந்த கதையையும் சொல்வார்கள். சொல்லட்டும். பேராசைக்காரன் சரிவது எல்லாத் தொழிலிலும் உள்ள சங்கதி. கார்ப்பரேட் அச்சம் உள்ளபடியே இருந்தால், அந்நியப் பெருநிறுவனங்களுக்குக் கதவு திறந்தபோதல்லவா அதைக் காட்டியிருக்க வேண்டும்!

கண்ணியவாதிகளுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். விளம்பரத் தடை ஆங்கிலேயரிடமிருந்து நமக்கு வந்த சீதனம். அவர்கள் தங்கள் சொலிசிட்டர்களுக்கு 1984-இலேயே அதைத் தளர்த்திவிட்டார்கள். நாம் அதைக் குலாசாரமாக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பார் கவுன்சிலின் 36-ஆம் விதிக்கு 2008-இல் ஒரு சலுகை கிடைத்தது: வக்கீல் தன் இணையதளத்தில் பெயர், விலாசம், பதிவு விவரம், படிப்பு, எந்தத் துறையில் பழக்கம் என்பவற்றைப் போட்டுக்கொள்ளலாம். கட்சிக்காரர் முதலில் கேட்கும் தொகை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு சாரார், முதலில் நீதிபதிகளை நியமியுங்கள் என்பார்கள். பத்து லட்சம் ஜனங்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்டக் கமிஷன் 1987-இல் சொன்னது. ஐந்தாண்டுக்குள் அந்த இலக்கை அடைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டது. நாம் இன்னும் 21-ஐ ஒட்டியே நிற்கிறோம். எதையும் மாற்ற விரும்பாதவர்களுக்கு இந்த 50 என்ற எண்ணைப் போல் வசதியான தங்குமிடம் வேறில்லை.

சர்க்கார் தன் பங்குக்குப் பணம் செலவிடாமல் இல்லை. மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். அதிலே பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து சேமிப்பதற்கு மட்டும் 2,038.40 கோடி, செயற்கை நுண்ணறிவு முதலிய புதுமைகளுக்கு 53.57 கோடி. பழைய காகிதத்தைப் படம்பிடிக்கும் செலவுக்கும் புதிய வழி தேடும் செலவுக்கும் உள்ள விகிதாசாரத்தை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இ-ஃபைலிங்கினால் கட்சிக்காரருக்குக் குறைந்தது என்ன என்று கேட்டால், வக்கீல் குமாஸ்தா கோர்ட் கட்டடத்துக்கு நடந்த நடை குறைந்தது. கோர்ட் எதிரிலுள்ள பிரவுசிங் சென்டருக்கு ஸ்கேன் கூலி என்று புதிதாக ஒரு செலவு சேர்ந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை யந்திரம் தமிழில் பெயர்க்கிறது, மெச்சத்தக்கதுதான். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு கட்சிக்காரர் படித்துப் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, வேறெதற்கும் செல்லாது என்ற எச்சரிக்கையோடு வருகிறது. சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழிலே தொகுத்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862-இல் அச்சிட்டுத் தந்த வேதநாயகம் பிள்ளை ஒரு ஜில்லா முன்சீப். அவருக்கு ஒதுக்கீடு எதுவும் கிடையாது.

ஏமாற்றுக்காரர்கள் புகுந்துவிடுவார்கள் என்பது கடைசி ஆட்சேபம். யந்திர வக்கீல் என்று பறைசாற்றிக்கொண்ட டூநாட்பே என்ற அமெரிக்கக் கம்பெனி ஏமாற்றத்தான் செய்தது. 2024 செப்டம்பரில் அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் அதைப் பிடித்து 1,93,000 டாலர் கட்ட வைத்தது. வியாபாரப் பொய்யை வியாபாரச் சட்டம் தண்டித்தது, அவ்வளவுதான்.

வக்கீல் இல்லாமல் நீதி நடக்காதென்பது நம் சட்டங்களுக்கே சம்மதமான கொள்கை அன்று. 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம், வக்கீல் வைத்துக்கொள்வதைக் கட்சிக்காரருடைய உரிமையாகவே ஒப்புக்கொள்ளவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் யாரும் தாமே வாதாடலாம். வக்கீல்கள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பதிவு பெறாத ஒருவரைக் குறிப்பிட்ட வழக்கில் ஆஜராக அனுமதிக்கும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவிலே, ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன் வழக்குகளிலும் செக் வழக்குகளிலும் இந்த அனுமதி கோராமலே கிடைக்கும் என்று ஒரு வாக்கியத்தை நாடாளுமன்றம் சேர்க்கட்டும். 36-ஆம் விதியையும், வக்கீல் அல்லாதாரோடு கட்டணம் பகிரலாகாதென்ற விதியையும் அடியோடு நீக்கட்டும். தேங்கிய செக் வழக்குகளில் பாதி இரண்டாண்டுக்குள் கரையும் என்று துணிந்து சொல்வேன். ஜூனியர்களின் ஜீவனோபாயம் கெடும் என்று சீனியர்கள் கண்ணீர் விட வேண்டாம். பெயரே விளம்பரமாக உள்ள சீனியருக்கு இந்தத் தடையால் நஷ்டமில்லை. ‘செக் நோட்டீஸ் 500 ரூபாய், வழக்கு முடியும் வரை 6,000 ரூபாய்’ என்று எழுதி மாட்ட ஒரு பலகை கிடைக்குமானால், அதை முதலில் மாட்டப்போகிறவன், மாதம் முடிந்தால் சீனியரிடம் பஸ் செலவுக்குக் கைநீட்டி நிற்கும் அந்த ஜூனியர்தான்.